வண்டி நின்ற பிறகு

வாக்குமூலம் அளிப்பவர்: செவிலியர், பெண், வயது 47. பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன; அவை சரியே.

நான் பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணி செய்கிறேன். எங்கள் வீட்டில் ஓட்டுநர் இல்லாமல் தானாகச் செல்லும் கார் ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் இப்போது சொந்தக் கார் வைத்திருப்பது நாங்களும் எதிர்வீட்டுப் பல் மருத்துவரும்தான். மற்றவர்கள் கூப்பிட்டால் வரும் பொதுக் கார்களில் போகிறார்கள். எனக்கு வேலை நேரம் மாறி மாறி வருவதால், நமக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று என் கணவர் வாங்கினார். அது என் பெயரில் உள்ளது.

வழியில் கிடப்பது என்னவென்று பிடிபடாவிட்டால் கார் நின்றுவிடும். பொதுக் கார் என்றால் கட்டுப்பாட்டு அறையைக் கேட்கும். சொந்தக் கார் உள்ளே இருப்பவரைக் கேட்கும். திரையில் ‘தொடரலாமா?’ என்று வரும். சருகு, பிளாஸ்டிக் பை, ஈரத்துணி என்று வாரத்துக்கு ஏழெட்டு முறையாவது வரும். வாங்கிய புதிதில் இறங்கிப் பார்ப்பேன். பிறகு உட்கார்ந்தபடியே எட்டிப் பார்ப்பேன். ஓராண்டாக அதுவும் இல்லை.

சம்பவத்தன்று காலை ஏழரை மணிக்குப் பணி முடித்தேன். இருவர் விடுப்பில் இருந்ததால் பதினாறு மணி நேரம் நின்றிருந்தேன். அதன் பிறகு காரில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். நூலகத் தெருவில் கார் நின்று மணியடித்தது. நான் தூங்கவில்லை. தலையைத் தூக்காமல் கையை நீட்டி ‘ஆம்’ என்பதைத் தொட்டேன். அதன் பிறகு கார் மெதுவாக நகர்ந்தது. இடப்பக்கம் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. அலறல் கேட்டு நிறுத்தினேன்.

இறங்கிப் பார்த்தபோது வடிகால் துப்புரவுப் பணியாளர் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். தலையும் கைகளும் குழிக்குள் இருந்தன. தூறலுக்காகக் கால்களின் மேல் சாக்கு போட்டிருந்தார். வலது கணுக்காலுக்கு மேல் சக்கரம் ஏறி இறங்கியிருந்தது. எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்று கேட்கப்பட்டது. தெரியாது, பார்த்திருந்தால்தானே சொல்ல முடியும்.

அதன் பிறகு என் குடையை அணையாக வைத்து அவர் காலைக் கட்டி, ஆம்புலன்ஸை அழைத்தேன். அவர், “யாரும்மா ஓட்டுனது?” என்று கேட்டார். “யாரும் ஓட்டலைங்க. தானா போற வண்டி” என்றேன்.

அன்று மாலை என் கணவரும், வழக்கறிஞரான அவருடைய தம்பியும் என்னை உட்காரவைத்துப் பேசினார்கள். கொழுந்தனார், “தூக்கத்துல கை பட்டுடுச்சுன்னா அது கார் செஞ்சவங்க குறை, அண்ணி. முழிச்சிருந்தேன்னு சொன்னா கேஸ் உங்க மேல வரும், வேலையும் போயிடும்” என்றார். தலையாட்டிவிட்டுப் படுக்கப் போனேன்.

நான்காம் நாள், எங்கள் மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் இருந்த அந்தப் பணியாளரைப் பார்க்கப் போனேன். சீருடையில் இருந்ததால் அவர் மனைவி, “ஊசி போடணுமாம்மா?” என்று கேட்டு எழுந்து வழிவிட்டார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கோபமாகப் பேசவில்லை. “வண்டி வர்ற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேம்மா. நின்னுடுச்சு. சரி, நம்மளப் பார்த்துடுச்சுன்னு திரும்பவும் குனிஞ்சுட்டேன்” என்றார். பிறகு, “அப்புறம் ஏன் கெளம்புச்சு?” என்று கேட்டார்.

“நான்தான் போகச் சொன்னேன்” என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி எழுந்த நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்தார். அதன் பிறகு அங்கிருந்து நடந்தே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். நான் வந்தது என் கணவருக்குத் தெரியாது.

யாரும் என்னை மிரட்டவோ தூண்டவோ இல்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். ‘வாகனத்தில் பயணித்தவர்’ என்று என்னைக் குறித்திருந்த இடத்தில் ‘வாகனத்தைச் செலுத்தியவர்’ என்று மாற்றச் சொன்னேன். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார்கள். ஓரத்தில் எழுதச் சொல்லி, அந்த இடத்திலும் தனியாகக் கையெழுத்திட்டேன். இப்போது இதில் உள்ளது எல்லாம் நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்)