வெயில் படாத தோல்

தாமிரபரணியைக் கடக்கிற தோணியில் எனக்கு முன்னால் இரண்டு பனையேறிகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவன் திடீரென்று சொன்னான்: "அண்ணாச்சி, நான் கறுப்பில்லையாம். துரையே சொல்லிட்டாரு."

"எந்தத் துரைலே?"

"சத்திரத்துல இருந்துக்கிட்டு ஊராளுவ மூக்கையும் தலையையும் அளந்து எழுதுதாருல்லா, அவருதான். பல நெறத்துல அட்டை வச்சிருக்காரு. எது நமக்கு ஒத்துப்போகுன்னு பாக்கதுக்கு, வெயில் படாத தோலைக் காட்டுன்னாரு."

"ஒனக்கு அது ஏதுலே? மரத்தைக் கட்டிப்பிடிச்சு கை, நெஞ்செல்லாம் காச்சுக் கறுத்துப்போயில்லா கெடக்கு!"

"அதான், அரைஞாண் கயித்தைத் தூக்கிக் காட்டினேன். அதுக்கு அடியில அட்டையை வச்சுப் பாத்துட்டு, மாநெறம்னு எழுதிட்டாரு! மாப்பிள்ளை கறுப்புன்னு ரெண்டு தடவை என்னையத் திருப்பி அனுப்பினாருல்லா பொண்ணோட அப்பா, இப்ப நேரா அவரு வீட்டுக்குத்தான் போறேன்."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"போ. நல்லாப் போ. ஆனா, எங்கனய்யா மாநெறம்னு அவரு கேட்டா என்னலே செய்வ?"

தோணிக்காரர் உட்பட எல்லோரும் சிரித்ததில் தோணியே ஆடியது. இளையவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வேட்டியை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டான்.