தலைவர் கண்ணாடியைக் கழற்றினால்

மேடையில் வீற்றிருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பாண்டு வாத்தியக்காரர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் என் அத்தை அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாவீரர்! குன்றை மீட்ட சிங்கம்! இந்த இரங்கல் கூட்டத்தில் இவ்வளவு நேரம் என் மாமாவுக்கு எத்தனை பட்டங்கள்! எனக்குக் குமட்டுகிறது. மன்னியுங்கள், மன்னிக்காவிட்டாலும் சரி.

நான் யார்? சார்ஜண்ட் மாமாவின் அக்கா மகன். இந்தச் சங்கத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக மைக் செட் போடுகிறவன். வெற்றி நாள் விழாவில் மாமா பேசுவார். குன்றில் ஏறியதைச் சொல்வார், கொடி நட்டதைச் சொல்வார். "அப்புறம் என்ன நடந்துச்சுன்னா..." என்பார். உடனே தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். நான் மைக்கை அணைப்பேன். பாண்டு முழங்கும். நீங்கள் கைதட்டுவீர்கள். மாமா வாயசைத்தபடியே நிற்பார். சீ! இதுவா மரியாதை?

போன மாதம் மாமாவை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனேன். "ரெண்டு கையையும் தூக்குங்க ஐயா" என்றாள் அங்கிருந்த பெண். மாமா தூக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். துடைத்துவிட்டபோது என் சட்டையைப் பற்றினார்.

"இந்தத் தடவை மட்டும் அணைக்காதடா. முழுசாச் சொல்லிட்டு இறங்கிடறேன்."

"சரி மாமா" என்றேன்.

விழா வந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் என்ன செய்தேன்? அணைத்தேன்! அடுத்த ஆண்டும் எனக்கே வேலை தர வேண்டுமே! மாமா மேடையிலிருந்தே என்னைப் பார்த்தார். திட்டவில்லை. எட்டாம் நாள் போய்விட்டார். என் கையைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"அவர் சொல்ல வந்ததை நீயாவது சொல்லிடுப்பா" என்று நேற்று அத்தை கேட்டார். சொல்கிறேன். இன்று மட்டுமல்ல, ஒவ்வொரு வெற்றி நாளிலும், மேடை தராவிட்டால் வாசலில் நின்று சொல்வேன். இது சத்தியம்.

மாமா வீட்டில் என்னிடம் சொன்ன வார்த்தை இதுதான்: "குன்னு எங்க கைக்கு வந்தாச்சு. சண்டை முடிஞ்சுபோச்சு. அப்புறம் குழிக்குள்ளேருந்து ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கிட்டு வந்தான். நான் சுட்டேன்."

தலைவர் அவர்களே, தாராளமாகக் கண்ணாடியைக் கழற்றுங்கள். மைக் பெட்டிக்குப் பக்கத்தில் இன்று ஆளில்லை.