கோடு தாண்டாத கரண்டி

ரெமெய்: ...இன்னும் கொஞ்சம் கிட்ட வா. பாதி மூஞ்சி வெளிய போகுது.

லேயாந்த்ரோ: பாதி போதும். மிரேயாவுக்கு அப்பன் மூஞ்சி தெரியாதா என்ன?

ரெமெய்: நம்ம கல்யாண நாளுக்குன்னு பொண்ணு நம்மளை வலென்சியாவுக்கு அனுப்பி வெச்சிருக்கா. உருப்படியா ஒரு போட்டோ போகலைன்னா சந்தேகப்படுவா. தோள்ல கை போடு... போடச் சொன்னேன், பட்டும் படாம வைக்கச் சொல்லல.

லேயாந்த்ரோ: இப்போ?

ரெமெய்: சிரி.

லேயாந்த்ரோ: சிரிச்சுட்டுதான் இருக்கேன்.

ரெமெய்: இதுவா? கார் ஓட்டக் கத்துக்க வர்றவங்க டெஸ்ட்ல தோத்துட்டா, ஆறுதலுக்கு ஒண்ணு சிரிப்பியே, அதுதான் இது.

லேயாந்த்ரோ: வேற சிரிப்பு கைவசம் இல்ல.

ரெமெய்: சரி, எடுத்தாச்சு. கையை எடுத்துக்கலாம்.

லேயாந்த்ரோ: ம்... எடுத்துட்டேன்.

பரிமாறுபவர்: வழி, வழி! சோறு வருது! சட்டி கொதிக்குது, யாரும் கை வைக்காதீங்க.

லேயாந்த்ரோ: ரெண்டு தட்டு கிடைக்குமா?

பரிமாறுபவர்: தட்டா? பயேயாச் சோத்துக்கா? ஐயா எந்த ஊரு?

லேயாந்த்ரோ: தெருவெல். மலைப்பக்கம்.

பரிமாறுபவர்: அதான பார்த்தேன்.

ரெமெய்: அவரை விடுங்க. நான் இங்க கபன்யால்லயே, ரெண்டு தெரு தள்ளிப் பொறந்தவ. மரக்கரண்டி குடுங்க, போதும்.

பரிமாறுபவர்: நம்ம பொண்ணா! அப்ப சொல்லவே வேண்டாம். ஒரே சட்டி, ஆளுக்கு ஒரு பங்கு, அவங்கவங்க பக்கம் அவங்கவங்க சாப்பாடு. ஐயா, நடுவுல ஒரு கோடு இருக்கறதா நெனச்சுக்கங்க, அதைத் தாண்டிராதீங்க. இந்த ஊர்ல அதுக்கு மேல அவமரியாதை இல்ல.

லேயாந்த்ரோ: தெரியும். நல்லாவே தெரியும்.

ரெமெய்: ...தட்டு எதுக்குக் கேட்ட?

லேயாந்த்ரோ: சும்மா.

ரெமெய்: சும்மா இல்ல.

லேயாந்த்ரோ: நாளையிலேர்ந்து தனித்தனியாதான சாப்பிடப் போறோம். பழகிக்கலாம்னு...

ரெமெய்: இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பேச்சு வேண்டாமே. சாப்பிடு.

லேயாந்த்ரோ: நத்தை போட்டிருக்கான்.

ரெமெய்: பிடிக்கலைன்னா நடுவுல ஒதுக்கு. நான் எடுத்துக்கறேன்.

லேயாந்த்ரோ: இந்தா.

ரெமெய்: முதமுதல்ல எங்கப்பா முன்னாடி சாப்பிட்டது ஞாபகம் இருக்கா?

லேயாந்த்ரோ: மறக்குமா? உன் பக்கத்துல ஒரு முயல் துண்டு தெரிஞ்சது. கரண்டியை விட்டேன்.

ரெமெய்: எங்கப்பா கரண்டியைக் கீழ வெச்சுட்டாரு. எங்கம்மா ஜன்னலைப் பார்க்கறா. நீ பாட்டுக்கு மென்னுக்கிட்டு இருக்க!

லேயாந்த்ரோ: யாராவது முன்னாடியே சொல்லியிருக்கணும்.

ரெமெய்: நான் ஏன் சொல்லணும்? அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், கட்டினா இவனைத்தான்னு. அதுக்கப்புறம் எந்தச் சட்டியில நீ உன் பக்கம் மட்டும் சாப்பிட்டிருக்க? திருட்டுப் பூனை.

லேயாந்த்ரோ: ம்.

ரெமெய்: என்ன ம்?

லேயாந்த்ரோ: நேத்து பட்டு மண்டபத்துல நல்லா இருந்துச்சு. அந்தத் தூணுங்க.

ரெமெய்: நீ எங்க தூணைப் பார்த்த? கல்லைக் கயிறாட்டம் முறுக்கி மேல கொண்டுபோய் விரிச்சிருக்கான், ஊரே அண்ணாந்து பார்க்குது. நீ தரையைப் பார்த்துட்டு நின்ன.

லேயாந்த்ரோ: உன் காலைப் பார்த்தேன். புதுச் செருப்பு கடிச்சிருக்கு. சொல்லாம நொண்டிட்டு நடந்த.

ரெமெய்: பார்த்தியா? ...பார்த்துட்டு ஏன் கேக்கல?

லேயாந்த்ரோ: கேட்டா நின்னுருப்ப. உனக்குப் பார்க்கணும்னு ஆசை.

ரெமெய்: எல்லாத்துக்கும் பிரேக் போடுற ஆளு, போட வேண்டிய இடத்துல போடல.

லேயாந்த்ரோ: டிரைவிங் சொல்லிக்குடுக்கற தொழில் அப்படி. பக்கத்து சீட்டுல உக்காந்தே காலம் போயிடுச்சு.

ரெமெய்: எனக்கும் பக்கத்துலதான் உக்காந்திருந்த. இந்த ஊருக்கே வந்து இருந்துடலாம்னு எத்தனை வாட்டி சொன்னேன்? ஒவ்வொரு வாட்டியும் உன் கால் அந்தப் பக்கத்து பிரேக்குக்குப் போயிடும். பார்க்கலாம், பார்க்கலாம்...

லேயாந்த்ரோ: அது தப்புதான்.

ரெமெய்: இப்ப சொல்லு.

லேயாந்த்ரோ: இப்பத்தான தெரியுது. காலைல உங்க பழைய தெருவுல அந்த ஓடு பதிச்ச வீட்டு வாசல்ல நீ நின்ன... பச்சையும் நீலமுமா சுவரு. உன்னை அப்படி ஒரு மூஞ்சியோட நம்ம தெருவெல் ஊர்ல நான் பார்த்ததே இல்ல.

ரெமெய்: ...சோறு ஆறுது.

லேயாந்த்ரோ: பிரிஞ்சுடலாம்னு முதல்ல சொன்னது நீ.

ரெமெய்: கோவத்துல சொன்னேன். சரின்னு சொன்னது நீ.

லேயாந்த்ரோ: நீ சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கும்னு நெனச்சேன்.

ரெமெய்: நீ மாட்டேன்னு சொல்வன்னு நான் நெனச்சேன்.

லேயாந்த்ரோ: தண்ணி ஊத்தவா?

ரெமெய்: உன் சரகோசா வீட்டுச் சாவி வாங்கியாச்சுல்ல?

லேயாந்த்ரோ: வாங்கியாச்சு. நாளைக்குக் காலைல சாமான் ஏத்த வண்டி வருது.

ரெமெய்: தெரியும். பெட்டியெல்லாம் கட்டினது நான்தான.

பரிமாறுபவர்: எப்படி இருந்துச்சு? ஐயா பக்கம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு! அம்மா, நீங்க என்ன, அடிக்காந்தலை அப்படியே விட்டுட்டீங்க? சட்டியோட உயிரே அதுதான!

ரெமெய்: போதும். எடுத்துட்டுப் போங்க.

பரிமாறுபவர்: நல்லா மொறுமொறுன்னு இருக்கு...

ரெமெய்: எடுத்துட்டுப் போங்க, அண்ணே. ரெண்டு காபி.

லேயாந்த்ரோ: உனக்குக் காந்தல்னா உயிராச்சே.

ரெமெய்: உனக்கும்தான்.

லேயாந்த்ரோ: ...எனக்கா வெச்சிருந்த?

ரெமெய்: இன்னைக்கு நீ கோட்டைத் தாண்டவே இல்ல. இப்பத் தாண்டுவ, இப்பத் தாண்டுவன்னு பார்த்துட்டே இருந்தேன்.

லேயாந்த்ரோ: எனக்கு இன்னும் அந்த உரிமை இருக்கான்னு தெரியல, ரெமெய்.

ரெமெய்: கோட்டைத் தாண்டுறதுக்கா ஒருத்தன் அனுமதி வாங்குவான்?

லேயாந்த்ரோ: கூப்பிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவா?

ரெமெய்: குப்பைல கொட்டியிருப்பாங்க. விடு. ...உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.

லேயாந்த்ரோ: நான் எப்ப கத்தினேன்?

ரெமெய்: அதான் பிரச்சினையே. ...இந்தப் பயணம் மிரேயா குடுத்தது இல்ல. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான் டிக்கெட்டும் ரூமும் போட்டேன். அவ பேரைச் சொன்னேன்.

லேயாந்த்ரோ: ம்.

ரெமெய்: நான் கூப்பிட்டா வரமாட்ட. பொண்ணு மனசு நோகும்னா வருவ. என் ஊர்ல, கூட்டத்துல, நல்லா சாப்பிட்டு... மூணு நாள் இருந்தா உன் வாயிலேர்ந்து ஏதாவது வரும்னு பார்த்தேன். போட்டோ எதுவும் அவளுக்குப் போகல. எல்லாம் என் போன்லதான் கெடக்கு. ...ஏதாவது சொல்லேன்.

லேயாந்த்ரோ: தெரியும்.

ரெமெய்: என்ன தெரியும்?

லேயாந்த்ரோ: சனிக்கிழமை நீ சந்தைக்குள்ள ஆலிவ் வாங்கிட்டு இருந்தப்போ மிரேயா போன் பண்ணா. "வீட்டுல யாரும் போனை எடுக்கல, எங்க போனீங்கப்பா?"ன்னா. சும்மா வெளிய வந்தோம்மான்னு சொல்லி வெச்சுட்டேன்.

ரெமெய்: சனிக்கிழமையேவா? அதுக்கப்புறமும்... ஸ்டேஷனைச் சுத்திப் பார்த்தப்ப அந்த ஆரஞ்சுப் பழம் வரைஞ்ச சுவருக்குக் கீழ, தூணு கிட்ட, ஓர்சாத்தா குடிச்ச கடையில, இப்ப இங்க... மிரேயாவுக்கு அனுப்பணும்னு நான் சொன்னப்பல்லாம் வந்து தோள்ல கை போட்டியே, ஏன்?

லேயாந்த்ரோ: வேற என்ன சொல்லி உன் தோள்ல கை போடுறது, ரெமெய்?