இடிந்த கோபுரத்தின் மணி

மணி அடிக்கிறது. அடிமேல் அடி. இடைவெளி இல்லை.

"படுங்கோ! எல்லாரும் விழுந்து படுங்கோ!"

கத்துவது நான்தான். கையில் குழந்தை. தம்பி அன்ரனின் மகள். இன்றைக்கு அவளுக்கு ஞானஸ்நானம். நான் ஞானத்தாய். பூசை செய்யும் சுவாமி இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. திருமுழுக்குத் தொட்டிக்கு அடியில் ஒடுங்குகிறேன். பின்னால் சனம் இருந்த வாங்குகள் சரிகின்றன. என் வயதுக்காரர்கள் எல்லாரும் தரையில். இங்கே பிறந்த பிள்ளைகள் கையில் போனோடு நின்று பார்க்கிறார்கள்.

இது ஜெர்மனி. மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. எந்த விமானமும் வரவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜெர்மன்காரர்களுடைய உலகப் போரில் இங்கிருந்த பழைய பேராலயத்தின் மேல் குண்டு விழுந்தது. கரிந்த கோபுரத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் கண்ணாடியும் கொங்கிறீற்றுமாகப் புதியதைக் கட்டினார்கள். கோபுரத்து மணி வருடத்தில் ஒருமுறைதான் அடிக்கும். குண்டு விழுந்த நாளில், விழுந்த நேரத்தில். ஊருக்கே தெரியும். எங்களுக்குத் தெரியாது. கோயிலில் நாள் குறிக்கும் டெர்மின் இந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் ஏன் இவ்வளவு லேசாகக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிடைத்ததே புண்ணியம் என்று மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டோம்.

எங்கள் ஊரில் போர் தொடங்கிய பிறகு பூசைக்கு மணி அடிப்பதில்லை. குண்டு போடும் பொம்மர் வந்தால் மட்டும். இப்படித்தான், அடிமேல் அடி. எனக்குப் பன்னிரண்டு வயது. அன்ரனுக்கு மூன்று. தங்கச்சி பிறந்து இரண்டு கிழமை. அடுத்த ஞாயிறு அவளுக்கு ஞானஸ்நானம். ரெஜினா என்று பெயர் பார்த்து வைத்திருந்தார் அம்மா.

"பங்கருக்கு ஓடு! தம்பியைத் தூக்கு!"

அது அப்பாவின் குரல். தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினேன். இரைச்சல். பிறகு ஒரு சத்தம். அது காதில் கேட்கவில்லை. பல்லில் கேட்டது.

திரும்பி வந்தேன். அம்மா அசையவில்லை. அப்பாவைக் காணவில்லை. தங்கச்சிக்கு மூச்சு இருந்தது. சாகும் ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறைக்கல்வியில் படித்திருந்தேன். தண்ணீர் வேண்டும். கிணறு மண் மூடிக் கிடந்தது. குடம் நொறுங்கிக் கிடந்தது. துப்பிப் பார்த்தேன். எச்சிலும் வரவில்லை. அவள் மூச்சு நின்றது.

இங்கே தண்ணீர் இருக்கிறது. தலைக்கு மேலே, தொட்டியில். கையை விட்டு அள்ளுகிறேன். குழந்தையின் தலையில் ஊற்றுகிறேன். மறுபடி. மறுபடி. பிதா. சுதன். பரிசுத்த ஆவி. குழந்தை வீரிட்டு அழுகிறது. மணி நிற்கிறது.

அன்ரன் குழந்தையைப் பறித்தான். புதுவருட வெடிக்கு நான் ஒளியும்போதெல்லாம் "சூடு கண்ட பூனை" என்று பகிடி பண்ணுகிறவன். இன்றைக்குப் பகிடி இல்லை.

"இனி உங்கட கையிலை பிள்ளையைத் தரமாட்டன், அக்கா."

எனக்கு இந்த உலகத்தில் மிச்சம் அவன்தான். அவனுடைய பிள்ளைதான். எழும்ப முடியவில்லை.

சுவாமி குனிந்தார். "தண்ணி ஊத்தி, வார்த்தையும் சொன்னனீங்களோ?"

"ஓம், சுவாமி."

"அப்ப முடிஞ்சுது. ஞானஸ்நானம் திரும்பக் குடுக்க ஏலாது."

அன்ரன் என்னைப் பார்த்தான். லியா என்பது அவனும் மனைவியும் பிள்ளைக்குத் தேடி வைத்த பெயர்.

"எந்தப் பேர் சொன்னனீங்கள்?"

"ரெஜினா."

"அது ஆர்?"

அவனுக்குத் தெரியாது. அம்மாவும் அப்பாவும் போனார்கள் என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். முதலில் அவனுக்கு விளங்காத வயது. பிறகு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குத் தரையில் இருந்தபடியே சொன்னேன். கிணறு, குடம், எச்சில், எல்லாம். வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

அவன் பக்கத்தில் குந்தினான். ஈரத் தலையோடு குழந்தையை என் மடியில் வைத்தான்.

இழந்ததை எண்ணிச் சொன்னேன். வீடு போனது. கிணறு போனது. அப்பா. அம்மா.

"தங்கச்சி," என்றான் அன்ரன். "மூண்டு பேர்."