வேண்டாம்னு அமுக்கின மருமகள்

கம்பமெட்டு ஏறும் ஜீப்பில் எனக்கு எதிரே ஏலத்தோட்டத்துக்குப் போகும் இரண்டு பெண்கள்.

"கம்ப்யூட்டரு கேட்டதுக்கே எம் மருமக வேண்டாம்னுட்டா மதினி."

"என்ன கேட்டுச்சு?"

"பிரவுசிங் சென்டர்ல பேங்க் பக்கத்தத் தொறந்தோம். பாஸ்வேர்ட நானே வச்சுக்கிடவான்னுச்சு."

"மருவாதையாக் கேக்கயில எப்படி வேண்டாம்ங்கிறது? எங்க வீட்ல சரின்னுதேன் அமுக்குவாக."

"அப்படி அமுக்குனவுக பாஸ்வேர்டு பூராம் அந்தப் பெட்டிக்குள்ளதேன் கெடந்துச்சு. யாரு வேணாலும் எடுத்துக்கிடலாம். கடைக்காரர்ட்டச் சொல்லி எல்லாத்தையும் அழிக்க வச்சுட்டா. உங்க வீட்டுக்காரரு பேரும் அதுல இருந்துச்சு. மொதல்ல பாஸ்வேர்ட மாத்தச் சொல்லுங்க."

மதினி சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எதுத்துப் பேசும்னுதான அந்தப் புள்ளைய எம் மகனுக்கு வேண்டாம்னேன்."

"அதனாலதேன் மதினி எங்களுக்குக் கெடச்சா."