ரெண்டு பேரும் சேர்ந்து இறுக்கின ஸ்பிரிங்

கொக்கிய அங்க மாட்டாதீங்க தம்பி, பம்பர் கையோட வந்துடும். அடியில இடது பக்கம் ஒரு வளையம் இருக்கும், தடவிப் பாருங்க. ஆங், அதேதான். நிதானமா உங்க லாரியில ஏத்துங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நெத்தியில இது ஸ்டீயரிங் இடிச்சது, வேற ஒண்ணும் இல்ல.

எஞ்சின் கோளாறான்னா கேக்கறீங்க? அதான் இல்லங்கறேன். இன்னிக்குக் காலையில ஓடின மாதிரி இந்த வண்டி எத்தனையோ மாசமா ஓடல. சொன்னா நம்ப மாட்டீங்க. கயித்தைக் கட்டிக்கிட்டே கேளுங்க.

நான் கார் கம்பெனி சர்வீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த புதுசுல வாங்கின வண்டி இது. இதுல ஏர்ஃப்ளோ மீட்டர்னு ஒரு டப்பா இருக்கு. காத்து உள்ள போற வழியில சின்னதா ஒரு கதவு, அவ்வளவுதான். காத்து தள்ளத் தள்ளக் கதவு திறக்கும், ஒரு ஸ்பிரிங் அதைப் பிடிச்சு இழுக்கும். கதவு எவ்வளவு திறக்குதோ அதுக்குத் தகுந்த மாதிரி கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளத்தி விட்டா கதவு தாராளமா திறக்கும், வண்டி துள்ளிக்கிட்டுப் போகும். அப்பவே நான் அந்த டப்பா மூடியப் பேத்து, உள்ள இருக்கிற பல் சக்கரத்தை ரெண்டு பல் தளத்தி, அந்த இடத்துல ஒரு கீறலும் போட்டு, பசை வெச்சு ஒட்டிட்டேன். அது எனக்குத் தெரியும், என் பொண்ணுக்குத் தெரியும். அவளும் இதே தொழில்தான், சொந்தமா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கா.

போன மழைக்கு முன்னாடி ஆயில் மாத்தணும்னு வண்டிய எடுத்துட்டுப் போனா. திரும்பி வந்ததுல இருந்து சரியில்ல. ஸ்டார்ட் பண்ணினா சத்தம் சுகமா இருக்கும். கியரைப் போட்டு மிதிச்சா ரெண்டு தும்மல் தும்மி நின்னுடும். கேட்டைத் தாண்டாது. அவகிட்ட சொன்னேன். வண்டிக்கு வயசாயிடுச்சுப்பா, பார்ட்ஸ் தேடிட்டு இருக்கேன், கொஞ்சம் பொறுங்கன்னா. என் பொண்ணு சொன்னா நான் நம்பாம யாரு நம்புவா? பிளக்கை மாத்தினேன், ஹோஸை மாத்தினேன், பெட்ரோல் பம்பைக் கழட்டிக் கழுவி மாட்டினேன். எத்தனை வண்டிக்கு வைத்தியம் பாத்த கை இது. கை மறந்து போச்சுடான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் தம்பி. தூக்கமே போச்சு.

என் சம்சாரம் இருக்காளே, நான் கரியும் கையுமா படியேறி வந்தா, இன்னிக்கும் கிளம்பலையான்னு கேட்டு டீயைக் கையில குடுப்பா. அவ்வளவு பரிவா கேப்பா. வண்டிதானே, விடுங்கம்பா.

இன்னிக்குக் காலையில பானெட்டைத் திறந்து ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டே வந்தேன். மீட்டர் மூடியோட ஓரத்துல விரல் நின்னுடுச்சு. நான் வெச்ச பசை காய்ஞ்சு கல்லு மாதிரி இருக்கணும். இது ரப்பர் மாதிரி மெத்துனு இருக்கு. கத்தியை விட்டுப் பேத்தேன். நகத்தை வெச்சுப் பல்லைத் தடவினா, என் கீறல் எங்கயோ கிடக்குது, சக்கரம் எங்கயோ நிக்குது. ஸ்பிரிங்கை நல்லா இறுக்கி விட்டிருக்கா. கதவு திறந்தாத்தானே பெட்ரோல் வரும்.

இன்னொண்ணு கேளுங்க. பக்கத்துல ஒரு குட்டித் திருகு இருக்கு, அதையும் அதுக்குத் தோதா திருப்பி வெச்சிருக்கா, நின்ன இடத்துல மட்டும் எஞ்சின் அழகா ஓடற மாதிரி. அப்பா ஷெட்ல உக்காந்து சத்தத்தைக் கேட்டுக்கட்டும், தெருவுக்கு மட்டும் போக வேண்டாம்னு. அழற குழந்தைக்குக் கிலுகிலுப்பை குடுப்பாங்களே, அந்தக் கதைதான். வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதான் இன்னும் எரியுது.

மூடியைக் கையில பிடிச்சுக்கிட்டு நேரா சமையல்கட்டுக்குப் போனேன். பாரு, உன் பொண்ணு பண்ணியிருக்கிற காரியத்தைன்னேன். பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்னுது. அவளைச் சொல்லாதீங்க, நான்தான் செய்யச் சொன்னேன்னா. முடியாதுன்னுதான் அழுதா, நான்தான் சத்தியம் வாங்கினேன்னா. இத்தனை நாள் எனக்கு டீ குடுத்த கை, தம்பி.

திரும்ப ஷெட்டுக்கு வந்து சக்கரத்தை என் கீறலுக்கே கொண்டு வந்தேன், மூடியை அமுக்கினேன், கிளப்பிட்டேன். என் சம்சாரம் பின்னாலயே ஓடி வந்து கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஹாரன் அடிச்சேன். நகரல. இன்னும் ஒரு தடவை நல்லா அழுத்தி அடிச்சேன், நகர்ந்துட்டா. அப்புறம் பாக்கணும் வண்டிய. மிதிச்சா பறக்குது.

ஏன் செஞ்சாங்கன்னா, அதை அவங்களைத்தான் கேக்கணும். எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம். சொன்னாங்கதான். சண்டை போட்டாங்க, சாவியக் கேட்டாங்க. நான் குடுக்கல, அது வேற. அதுக்காக என்னை முட்டாளாக்கி வேடிக்கை பாக்கறதா?

கம்பமா? கம்பம்னு நீங்க சொல்லித்தான் தெரியுது. டமார்னுது, நின்னுட்டேன்.

யாரு சொன்னா, இந்த எதிர்க் கடைக்காரரா? கம்பத்துக்குப் பக்கத்துல யாரு நின்னா?

சின்னப் பொண்ணா. ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டு.

எவ்வளவு பக்கத்துல? கையைக் காட்டாதீங்க தம்பி, வாயால சொல்லுங்க.

நல்லா நடந்துதான் போனாளா? அவர் பாத்தாராமா?

சரி. சட்டைப் பையில போன் அடிக்குது, எடுத்து நீங்களே பேசுங்க, என் பொண்ணாத்தான் இருக்கும். இடம் எதுன்னு சொல்லுங்க, அவ வரட்டும். எனக்கு ஓரத்துல இருக்கிறதெல்லாம் தெரியும் தம்பி. நேராத்தான் தெரியாது. டாக்டர் ஓட்டவே கூடாதுன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. இப்ப உங்களைப் பாத்துத்தானே பேசிக்கிட்டிருக்கேன், உங்க மூஞ்சி இருக்கிற இடத்துல கறுப்பா ஒரு வட்டம்தான் இருக்கு.