பூசணம் தொடாத வரிசை

பாக்கியலெட்சுமி: அதத் தொடாதீங்க சார்... கையெல்லாம் ஒட்டிக்கும்.

கஜரூபன்: எல்லா ஸ்ட்ரோபெரியும் இப்பிடித்தானா அக்கா? திருநீறு பூசின மாதிரி...

பாக்கியலெட்சுமி: இந்தப் பண்ணையில மூணு செடிக் கூடாரமும் போச்சுங்க. இந்தப் பண்டாரவளைப் பனிக்கு எதுதான் தாங்கும்?

கஜரூபன்: இந்தக் கடைசி வரிசை தாங்குதே! சண்டை ஓய்ஞ்சு பாதை திறந்து, ஊருக்கு யாழ்ப்பாணம் போய் வந்த கையோட, இதைப் பாக்கத்தான் ஆராய்ச்சி நிலையத்தால என்னை அனுப்பிப்போட்டினம்.

பாக்கியலெட்சுமி: அது... சும்மா தப்பிச்சிருக்கும்.

கஜரூபன்: சும்மா தப்பேல்லை. இலையில சிவப்புப் புள்ளி தெரியுதே?

பாக்கியலெட்சுமி: மச்சமாட்டம் இருக்கு.

கஜரூபன்: பூசணம் தொட்ட இடத்தைச் செடி தானே சாகடிச்சுப்போடும். அந்தத் துளி செத்தால் பூசணத்துக்குச் சாப்பாடில்லை. மிச்சச் செடி பிழைக்கும்.

பாக்கியலெட்சுமி: தன் ஒடம்பையேவா? ஆத்தாடி... யாரு சொல்லிக் குடுத்தா அதுக்கு?

கஜரூபன்: ஜீன். தாய்ச்செடியிட்ட இருந்து வாறது. கொடி விட்டுத்தானே பிள்ளைச்செடி வருது? தாயும் பிள்ளையும் அச்சொட்டா ஒரே உயிர்தான்.

பாக்கியலெட்சுமி: ஒரே உசுரா...

கஜரூபன்: ஓம். ஆனா இது ஜீனோ, இந்த மண்ணின்ர புண்ணியமோ எண்டு தெரியோணும். அதுக்குத்தான் வேற மண்ணில நிக்கிற தாய் வேணும் எண்டு கேக்கிறன்.

பாக்கியலெட்சுமி: எங்க வாசல்ல நின்னுச்சு, மாடு மேஞ்சிருச்சுன்னு சொன்னேனே.

கஜரூபன்: நேற்று உங்கட லயத்து வீட்டுக்குப் போனனான். வாசல் முழுக்கச் சீமெந்துதான்.

பாக்கியலெட்சுமி: போனீங்களா?

கஜரூபன்: கோவிக்காதேங்கோ.

பாக்கியலெட்சுமி: கோவமில்லைங்க... அந்த வாளியில என்ன, சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கீங்க?

கஜரூபன்: பிறகு சொல்லுறன். இந்தச் செடியை ஏன் இங்க கொண்டு வந்து நட்டனீங்கள்?

பாக்கியலெட்சுமி: மேல தேயிலைக்குள்ள நின்ன செடிதாங்க. கொடி எங்க லயத்துப் பக்கமாவே எறங்கி வந்துச்சு. நான் தூக்கி ஒதுக்கி விடுவேன். திரும்ப வந்துரும். கடைசியில படிக்கட்டுக்கே வந்து நின்னுச்சு...

கஜரூபன்: சரிவுப் பக்கம்தானே அக்கா ஓடும்.

பாக்கியலெட்சுமி: வேற வாசலும் சரிவுலதான் இருக்கு சார். எங்க வாசலுக்கு மட்டும்தான் வந்துச்சு. போறவங்க வர்றவங்க மிதிச்சாங்க. மனசு கேக்கல. அள்ளிக்கிட்டு வந்து இங்கன வச்சேன்.

கஜரூபன்: அப்ப இந்த வரிசை அதுதான்.

பாக்கியலெட்சுமி: ஒண்ணு கேக்கவா? தாயி செத்தா அந்த உசுரு புள்ளைகிட்ட இருக்குமா?

கஜரூபன்: இருக்கும்.

பாக்கியலெட்சுமி: புள்ள செத்தா... தாயிகிட்ட இருக்குமா?

கஜரூபன்: செடியிலயோ கேக்கிறியள்?

பாக்கியலெட்சுமி: செடியிலதாங்க... வேற எதுல?

கஜரூபன்: ஓம், தாயிட்டயும் அதே உயிர் இருக்கும்.

பாக்கியலெட்சுமி: அது போதுங்க. சார், இந்த வரிசையை முழுசா எடுத்துக்கிட்டுப் போங்க. என் வேலை போனாலும் போகட்டும். அந்தத் தாய்ச்செடிய மட்டும் தேடாதீங்க. ஒங்களக் கும்புட்டுக் கேக்கிறேன்.

கஜரூபன்: அக்கா... நேற்றே உங்கட படிக்கட்டில மிச்சம் கிடந்த கொடியைப் பிடிச்சுக்கொண்டு மேல போனனான். தாய்ச்செடி இந்த வாளியிலதான் கிடக்கு.

பாக்கியலெட்சுமி: ஐயோ...

கஜரூபன்: என்ன அக்கா? அங்க வேலியோ கல்லோ ஒண்டும் இல்லையே. ஆருக்கும் சொந்தமான இடமெண்டு தெரியேல்லை.

பாக்கியலெட்சுமி: எங்களுக்கு ஏதுங்க கல்லு? மேல ஒரு செடிய வச்சிட்டு வந்துருவோம். அதுதான் அடையாளம்.

கஜரூபன்: எதுக்கு அடையாளம்?

பாக்கியலெட்சுமி: ஆழமாத் தோண்டுனீங்களா?

கஜரூபன்: ஒரு முழம் இருக்கும். வேர் ஏதோ துணியைச் சுத்திப் பிடிச்சுக்கொண்டு கிடந்தது. பிரிக்க ஏலேல்லை... துணியோடயே அள்ளிப்போட்டன்.

பாக்கியலெட்சுமி: மஞ்சச் சீலையா? செவப்புக் கரை போட்டது?

கஜரூபன்: ஓம்... உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

பாக்கியலெட்சுமி: பேரு வைக்கிறதுக்கு முந்தியே போயிருச்சுங்க. நாந்தான் என் சீலையைக் கிழிச்சுச் சுத்தி வச்சேன். வாளியை ஆட்டாதீங்க சார்... இங்க குடுங்க, எம்புள்ளைய நான் தூக்கிக்கிறேன்.